நைன்டீனுக்கு ப்ராக்சி

எங்கள் வகுப்பில் யாருக்கும் பெயர் கிடையாது. பெற்றவர்கள் ஆசையாகப் பெயர் வைத்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் எம்.எஸ்சி. கணக்கில் சேர்ந்த முதல் நாளே துறைத்தலைவர் மேடம் அந்தப் பெயர்களை எல்லாம் வாசலோடு நிறுத்திவிட்டார். "எனக்கு உங்க பேர் வேணாம், நம்பர் போதும்" என்றார். அன்றிலிருந்து நான் ஃபோர்ட்டீன். இன்றைக்கும் கூடப் படித்தவர்கள் யாராவது என்னை ஆரணி பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் "ஏய் ஃபோர்ட்டீன்!" என்றுதான் கத்துகிறார்கள். சுற்றி நிற்பவர்கள் நான் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவள் என்று நினைத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன.

மேடம் அட்டெண்டன்ஸ் எடுக்கும் விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தலையை நிமிர்த்தவே மாட்டார். பேனாவின் பின்பக்கத்தால் மேசையில் ஒரு தட்டு, அப்புறம் எண். அடுத்த தட்டு விழுவதற்குள் "பிரசன்ட் மேம்" வந்துவிட வேண்டும். வராவிட்டால் ஆப்சென்ட்தான், முன்வரிசையில் அவர் மூக்குக்கு நேரே உட்கார்ந்திருந்தாலும் சரி. வராதவருக்காக யாரோ ப்ராக்சி கொடுக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் மட்டும் நிமிர்வார். "எழுந்து நில்லு. முகத்தைக் காட்டு." விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் நான் தூக்கத்தில் "பிரசன்ட் மேம்" என்று உளறுவதாக என் அம்மா ஊர் பூராவும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நைன்டீன் விடுதியில் என் அறைத்தோழி. தேவிகாபுரத்துப் பெண். எங்களில் அவள்தான் கெட்டிக்காரி. நாங்கள் அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கணக்கைத் தலை வாரிக்கொண்டே சொல்லிவிடுவாள். வாயும் நீளம். அவளை வம்புக்கு இழுக்க எங்களுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவள் குளிக்கும்போது சீப்பால் கதவை ஒரு தட்டு தட்டி, மேடம் குரலில் "நைன்டீன்!" என்போம். உள்ளேயிருந்து "பிரசன்ட் மேம்!" என்று பதறிக்கொண்டு குரல் வரும். அடுத்த நொடியே, "அடிப் பாவிங்களா, வெளிய வந்தேன்னா தொலைஞ்சீங்க" என்று திட்டும் வரும். எத்தனை தடவை செய்தாலும் ஏமாறுவாள். "நீங்கதான்னு தெரியுதுடி. ஆனா வாய் முந்திக்குது, நான் இன்னா பண்றது?" என்பாள்.

படிப்பு முடிந்து எல்லாரும் திசைக்கு ஒருவராகப் போன பிறகு வாட்ஸ்ஆப் குழு வந்தது. பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பழைய வகுப்புத் தலைவன், அவன் எண் ஒன், "அட்டெண்டன்ஸ்!" என்று ஒரு வார்த்தை போடுவான். வரிசைப்படி ஒவ்வொருவரும் எண்ணைப் போட்டு, பிரசன்ட் என்று எழுதி, அந்த வருஷம் தன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பெங்களூரில் கம்பெனி மாறினேன். இரண்டாவது பெண் குழந்தை. வந்தவாசியில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் ஆனது. கனடாவில் முழங்கால் அளவு பனி. நான் ஆரணிப் பட்டுப் புடவைகளைப் போனில் நேரலையில் காட்டி விற்கிறேன் என்று எழுதிய வருஷம், ஒன் சிரிக்கும் பொம்மையோடு "எம்.எஸ்சி. படிச்சிட்டு புடவை மடிக்கிறியா?" என்று கேட்டான். "ஆமாண்டா, உன் பொண்டாட்டிக்கு ஒண்ணு அனுப்பறேன், நீயே மடிச்சு வை" என்று போட்டேன். வாய் அப்படிப் பேசிவிட்டதே தவிர, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பு கடிக்கும்போதே உள்ளே ஒரு பதற்றம் ஆரம்பித்துவிடும். இந்த வருஷம் என்ன எழுதுவது? போன வருஷத்தைவிட ஒரு படி மேலே எதையாவது காட்டியாக வேண்டுமே. மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். யாரும் வாய் திறந்து சொன்னதில்லை.

குழுவில் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தோம். ப்ராக்சி. இல்லாதவருக்கு அடுத்த எண்காரர் எழுதிவிட வேண்டும். அதில் எங்களுக்கு ஒரு குஷி. இப்போது திட்ட மேடம் இல்லை பாருங்கள். செவன் போன் எண்ணை மாற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டான், அதனால் எய்ட் எழுதுவான்: "செவன் பிரசன்ட். துபாய். நல்ல வேலை." நைன்டீன் கல்யாணம் ஆகிக் களம்பூர் போன கொஞ்ச நாளிலேயே குழுவை விட்டு விலகிவிட்டாள், பழைய போன் எண்ணும் செத்துப்போனது. அவளுக்கு அடுத்த எண்காரன் ட்வென்ட்டி, சென்னையில் வங்கி வேலை பார்ப்பவன், அவளுக்காக எழுத ஆரம்பித்தான். முதலில், "நைன்டீன் பிரசன்ட். களம்பூர். டீச்சர் வேலைக்குப் பரீட்சை எழுதுகிறாள்." அடுத்த வருஷம், "நைன்டீன் பிரசன்ட். பரீட்சை பாஸ்." இந்தப் பொங்கலுக்கு, "நைன்டீன் பிரசன்ட். களம்பூர் பக்கத்து ஊர்ப் பள்ளியிலேயே கணக்கு டீச்சர்."

எல்லாரும் கை தட்டும் பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் அவளைத் திட்டித் தீர்த்தேன். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு ஒரு போன் கிடையாது, ஒரு எட்டு வந்து பார்த்தது கிடையாது, கவர்மென்ட் வேலை வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று.

தை மாதம் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கல்யாணப் புடவை எடுக்க ஆட்கள் நேரிலும் வருவார்கள். அப்படி ஒரு மதியம் மகளுக்குப் புடவை எடுக்க ஒரு அம்மா வந்தார். பேச்சுக் கொடுத்ததில் டீச்சர் என்று தெரிந்தது. எந்தப் பள்ளி என்று கேட்டால், அதே பள்ளி!

"ஐயோ, அங்கதான் என் ஃப்ரெண்டு இருக்கா. கணக்கு டீச்சர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்று பெயரைச் சொன்னேன்.

அந்த அம்மா முந்தானையை விரித்துப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "கணக்குக்கா? எங்க ஸ்கூல்ல கணக்கு போஸ்ட் காலியாத்தாம்மா இருக்குது. நான்தான் பயாலஜி எடுத்துகினு, அதையும் சேர்த்து இழுத்துகினு போறேன்."

"பக்கத்து ஸ்கூல் எதுலயாவது?"

"இந்தச் சுத்துவட்டாரத்துல எல்லாரையும் எனக்குத் தெரியும்மா. அந்தப் பேர்ல யாரும் இல்ல."

அவர் போனதும் ட்வென்ட்டிக்கு போன் போட்டேன். "டேய், நைன்டீன் ஸ்கூல்ல வேலை செய்றான்னு உனக்கு யாருடா சொன்னது?"

"ட்வென்ட்டி ஒன்தான். அவன் மாமியார் வூடு களம்பூராச்சே."

ட்வென்ட்டி ஒன் அப்போது பைக்கில் போய்க்கொண்டிருந்தான். ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினான். "நானா? நான் எங்க சொன்னேன்? பொங்கலுக்கு அவன் போன் பண்ணி, அவ பாஸ் பண்ணிட்டாளே, வேலை கிடைச்சிருக்கும் இல்லன்னு கேட்டான். அவ மூளைக்குக் கிடைக்காம இருக்குமா, பக்கத்துலயே போட்டிருப்பாங்கன்னு சொன்னேன்."

"பாஸ் பண்ணான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"குரூப்லதான் போட்டிருந்துதே."

"குரூப்ல போட்டது யாரு?"

"ட்வென்ட்டி" என்றான்.

அடப்பாவிகளா! இவன் அவனைக் கேட்டான். அவன், இவன் எழுதியதைப் படித்துவிட்டு, நன்றாகத்தான் இருப்பாள் என்று ஊகித்துச் சொன்னான். இவன் அதை எடுத்துக் குழுவில் போட்டான். இப்படியே வருஷா வருஷம் அவளைப் பரீட்சை எழுதவைத்து, பாஸ் பண்ணவைத்து, வேலையிலும் உட்காரவைத்துவிட்டார்கள். நீ அவளைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று இரண்டு பேரையும் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அவள் கல்யாணத்தில்.

போனை வைத்தேன். அப்படியென்றால் இத்தனை வருஷமாக நாங்கள் யாருக்குக் கை தட்டினோம்?

"சும்மா பேஜார் பண்ணிக்காத. அவளுக்கு ஒண்ணு ஆயிருந்தா தெரியாமலா போவும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எப்படிங்க தெரியும்? எல்லாரும் அவ நல்லா இருக்கான்னு நெனச்சிகினு இல்ல இருக்கோம்?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் போதகர் ஐயர் நோயாளிகளுக்காக ஜெபித்தார். நான் கண்ணை மூடினால் அவள் முகம்தான் வந்தது, அதுவும் பேப்பரில் வரும் சாவுச் செய்திகளில் போடுவார்களே, அந்த மாதிரிச் சின்னக் கட்டத்துக்குள் வந்தது. கர்த்தாவே, எனக்கு ஏன் இப்படித் தோன்றுகிறது, அவள் உயிரோடு இருந்தால் போதும் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தேவிகாபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அவள் அம்மா வீடு எனக்குத் தெரியும், படிக்கும்போது வந்து தங்கியிருக்கிறேன். அண்ணன் வயலுக்குப் போயிருந்தார். அண்ணி வாசலுக்கு வந்தாள். யார் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது.

"அவங்க இங்க வர்றதே இல்லைங்க. எங்க அத்தை செத்ததுக்கே வரல."

"அம்மா செத்துட்டாங்களா?" திடுக்கிட்டேன். "எப்போ?"

"போன ஆடியில. பொழுது சாயற வரைக்கும் எடுக்காம வெச்சிகினு பாத்தோம். பெத்த பொண்ணு ஆச்சே. வரல. அவங்க வூட்டுக்காரர் மட்டும் வந்து, உடம்பு சரியில்லன்னு சொல்லி நின்னாரு. அவங்க அண்ணன் அன்னைலேருந்து அவங்களோட பேச்சையே விட்டுட்டாரு."

"உடம்புக்கு என்னன்னு யாரும் போய்ப் பாக்கலையா?"

"எங்களுக்கு அவ்ளோ ரோஷம் இல்லைங்களா?" என்றாள் அண்ணி. அப்படிச் சொன்னவுடன் அவளுக்கே ஏதோ உறைத்தது போலிருக்கிறது. "நல்லாத்தானே இருக்காங்க? வேலைகூட கிடைச்சிடுச்சுன்னு யாரோ சொன்னாங்களே" என்று மெதுவாகக் கேட்டாள்.

எங்கள் ப்ராக்சி தேவிகாபுரம் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. நான் திரும்பி நடந்தேன்.

விடுதியில் சாயங்காலம் ஆனால் அம்மாவோடு போனில் பேசாமல் சாப்பிட உட்காராதவள் அவள். அப்படிப்பட்டவள் அம்மா சாவுக்கு வரவில்லை என்றால், வர முடியாமல்தான் இருந்திருக்க வேண்டும். வர முடியாமல் என்றால்? ஆரணி வந்து, போளூர் பஸ் மாறி, களம்பூரில் இறங்குகிற வரைக்கும் அந்த ஒரு கேள்வியை என்னால் முடிக்க முடியவில்லை. அடுப்பு, கிணறு, கயிறு என்று மனசு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. சே, வாயை மூடு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள், வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

அவள் புருஷன் ஒரு ரைஸ்மில்லில் மேஸ்திரி. மில் பெயர் கல்யாணப் பத்திரிகையில் பார்த்த ஞாபகம் இருந்தது. அதைச் சொல்லி விசாரித்து வீட்டுக்குப் போனேன். நெல் அவிக்கும் வாடை தெருவெல்லாம் இருந்தது, வாசல்களில் தவிட்டுத் தூசி. வீட்டுக்குள் அவள் மாமியார் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா?"

"ஆரணியிலேருந்து வர்றேன். உங்க மருமகளோட காலேஜ்ல படிச்சவ."

புளியை உருவிய கை நின்றது. "அவ இல்லையேம்மா. அவங்க அம்மா வூட்டுக்குப் போயிகீறா."

"எந்த அம்மா வூட்டுக்கு? நான் தேவிகாபுரத்துலேருந்துதான் நேரா வர்றேன். அவங்க அம்மா போன ஆடியிலயே செத்துட்டாங்க."

அந்த அம்மா புளித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். நான் குரலை உயர்த்திவிட்டேன். "அவ எங்க? உயிரோட இருக்காளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. இல்லன்னா இங்கேருந்து நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்."

அவர் கண் ஒரு தடவை உள்ளறைப் பக்கம் போய்விட்டு வந்தது. நானும் அங்கே பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே தரையில் ஒரு சோற்றுத் தட்டு, இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தது. யாரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை.

கதவருகே போய் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. "ஏய், நான்தாண்டி" என்றேன். கட்டில் அசையும் சத்தம்கூட இல்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. "வேணாம்மா, போயிடும்மா" என்று பின்னால் அந்த அம்மா கெஞ்சினார். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுகிற ஆள் யாரும் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, கையிலிருந்த போனின் விளிம்பால் கதவை ஒரு தட்டு தட்டினேன்.

"நைன்டீன்!"

"பிரசன்ட் மேம்."

துருப்பிடித்த குரல். ஆனால் அவளுடைய குரல்தான்.

என் பின்னால் புளித் தட்டு உருண்டது. அந்த அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "பேசிட்டா! ஐயோ, பேசிட்டாளே! ஆடியிலேருந்து ஒரு வார்த்தை பேசலம்மா அவ."

அழுகைக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். திரும்பத் திரும்பப் பரீட்சை எழுதியிருக்கிறாள். கடைசித் தடவை மயிரிழையில் போய்விட்டது. அதற்கப்புறம் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் அம்மா சாவு. "கெளம்புடின்னு நான்தான் புடவை எடுத்துக் குடுத்தேன். அங்க போனா எல்லாரும் இன்னா பண்ணிகினு கீறன்னு கேப்பாங்க அத்தை, நான் இன்னான்னு சொல்றதுன்னு கேட்டா. உள்ள போய்த் தாப்பா போட்டவதான். காலேஜ்லேருந்து யாராச்சும் வந்தா நான் இல்லன்னு சொல்லிடுங்கன்னு முன்னாடியே என் கையைப் புடிச்சிகினு சொல்லிகீறா. அந்த ஒரு பேச்சையாவது காப்பாத்தலாம்னுதாம்மா உங்கிட்ட பொய் சொன்னேன். வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனோம், மாத்திரை குடுத்தாங்க. மறுபடி வரவே மாட்டேங்கறா. எந்நேரம் இன்னா பண்ணிக்குவாளோன்னு எம் புள்ளையும் நானும் மாத்தி மாத்திக் காவல் கீறோம்."

எனக்குத் திட்டக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது. கதவைப் பார்த்தேன். ஒரு குரல் வந்ததே தவிர, மறுபடி அதே அமைதி. வாய் முந்திக்கொண்டதற்காக உள்ளே இப்போது என்ன நினைக்கிறாளோ, எதைக் கையில் எடுக்கிறாளோ என்று பயம் முன்னைவிட அதிகமாகிவிட்டது. இன்னொரு தட்டு தட்டினேன். மேடம் குரல் வரவில்லை, என் சொந்தக் குரல்தான் வந்தது.

"எழுந்து நில்லு. முகத்தைக் காட்டு."

அப்புறம் கட்டில் முனகியது. தாழ்ப்பாள் பாதி நகர்ந்து நின்று, மறுபடி நகர்ந்தது.

வகுப்பில் நிற்பது போலவே கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. முடியைத் தானே வெட்டிக்கொண்டிருக்கிறாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன், அவள் அழவில்லை. என் தோளுக்கு மேலே தெரு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாராவது வருகிறார்களா என்று.

கட்டிலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொங்கல் அட்டெண்டன்ஸ், ட்வென்ட்டி, ட்வென்ட்டி ஒன், கை தட்டும் பொம்மை, புடவை எடுக்க வந்த டீச்சர். அவள் மாமியார் தட்டைத் திறந்து சோற்றைப் பிசைந்து நீட்டினார். இரண்டு வாய் வாங்கிக்கொண்டாள்.

"நான் பாஸா?" என்று கேட்டாள்.

"ஆமாண்டி."

"வேலையும் கிடைச்சிடுச்சா?"

"பக்கத்து ஊர்லயே."

உதடு ஒரு பக்கமாகக் கோணியது, சிரிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. கணக்கில் எங்கள் தப்பைக் கண்டுபிடிக்கும்போது எங்களைப் பார்ப்பாளே, அதே மாதிரிப் பார்த்தாள்.

"எனக்கு ட்வென்ட்டி போட்டான். வேற யாருக்கெல்லாம்டி ப்ராக்சி போட்டீங்க?"

போனை எடுத்து எய்ட் எண்ணைத் தேடினேன். எடுத்ததும், "இன்னா ஃபோர்ட்டீன், அதிசயமா இருக்குது!" என்று சிரித்தான்.

"டேய், செவனை நீ கடைசியா எப்போ பாத்தே?"

சிரிப்பு நின்றது. நைன்டீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் எய்ட் யோசித்துக்கொண்டே இருந்தான்.